ஒன்பது மணி ரகசியம்

தலைமை அலுவலகம்
பிப்ரவரி 4, செவ்வாய்

தங்கைக்கு,

இங்கு நானும் உன் அண்ணியும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் லென்ஸ் கம்பெனியின் முப்பத்திரண்டு ஆண்டு வரலாற்றில் நேற்று காலை ஒன்பது மணி மறக்க முடியாதது. மூன்று கூட்டங்கள், ஒரு துணைக்குழு, பதினெட்டுப் பக்க அறிக்கை ஆகியவற்றுக்குப் பிறகு, கம்ப்யூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்ட் இனி ஆறு இலக்க எண்ணாக இருக்கும், அது ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாறும் என்று ஏகமனதாக முடிவாகி, முதல் எண் நடைமுறைக்கு வந்தது. ஐந்து இலக்கமா ஆறு இலக்கமா என்பதற்கு மட்டும் ஒரு முழு மதியம் தேவைப்பட்டது. எண்ணை நானே திங்கள் காலை பல் துலக்கும்போது தீர்மானிப்பேன். அதுவரை அது எனக்கே தெரியாது. இதைவிடப் பாதுகாப்பு வேறு என்ன இருக்க முடியும்?

உன் அண்ணியின் தம்பியைத் தகவல் பாதுகாப்பு அதிகாரியாக நியமித்திருக்கிறேன். நம் நெட்வொர்க்கைக் 'கோட்டை', 'கோட்டை' என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததில், ஆபீசில் அவரையே கோட்டை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் எதனால் என்று உனக்குத் தெரியும். போன மாதம் எவனோ என் பெயரில் எல்லோருக்கும் ஈமெயில் அனுப்பி பாஸ்வேர்டைக் கேட்டான். பதினான்கு பேர் உடனே கொடுத்துவிட்டார்கள். கோட்டையும் கொடுத்தார், அவர் சோதித்துப் பார்ப்பதற்காகக் கொடுத்தார். 'இது நிஜமா?' என்று போன் செய்து கேட்டது உன் கிளை மட்டும்தான். பதினான்கு பேருக்கு வராத சந்தேகம் உனக்கு மட்டும் எப்படி வந்தது என்பதைத் துணைக்குழு தனியாகக் குறித்து வைத்திருக்கிறது.

ஆகவே இனி நமக்குள் ஈமெயில் கிடையாது. போனில் அலுவலக விஷயம் கிடையாது. எல்லாம் கடிதம். செவ்வாய்க்கிழமை கிளம்பும் லென்ஸ் வண்டியில், தட்டுகளுக்கு அடியில், அரக்கு வைத்த உறையில் அந்த வாரத்து எண் வரும். படித்ததும் கிழித்துவிடு. உன் பதிலை வியாழக்கிழமை திரும்பும் வண்டியில் கொடுத்தனுப்பலாம்.

கிளையின் கம்ப்யூட்டர் பதிவுகளை வாராவாரம் நானே பார்ப்பேன். கிளைக்கென்று தனியாக ஒரு லென்ஸ் அரைப்புக்கூடம் தேவையா என்பது அந்தப் பதிவுகளைப் பொறுத்து ஜூனில் முடிவாகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
நிர்வாக இயக்குநர்


கிளை
பிப்ரவரி 6, வியாழன்

அண்ணனுக்கு வணக்கம்.

நான் நலம். இங்கே வேலை செய்யும் ஒன்பது பேரும் நலம். நீங்கள் கேட்காததால் நானாகச் சொல்கிறேன். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உறை நேற்று மதியம் மூன்று மணிக்கு வந்தது. அரக்கைச் சுரண்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அதில் ஒரு சின்னக் கணக்கு இடிக்கிறது. புது எண் திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பிறக்கிறது. அதே நிமிடத்தில் பழைய எண் செத்துப்போகிறது. புது எண் இங்கே வந்து சேர்வது புதன் மூன்று மணிக்கு. நடுவில் ஏறக்குறைய மூன்று நாள், வாரத்தில் பாதி, நாங்கள் கம்ப்யூட்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். துணைக்குழுவில் கழித்தல் தெரிந்தவர் யாராவது இருந்தால் இதைக் காட்டவும்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் 'நிர்வாக இயக்குநர் அனுமதி தேவை' என்று நின்றுவிட்டது. அப்போது ஒரு கண்ணாடிக் கடைக்காரர் போன் செய்தார்.

"அக்கா, நான் அனுப்பின பவர் வந்துச்சா?"

"வந்திருக்கும். தெறந்து பாக்க முடியாது."

"ஏன், கரண்ட் இல்லையா?"

"கரண்ட் இருக்கு. அனுமதி இல்ல."

"யாரு அனுமதி?"

"எங்க அண்ணன்."

"அவரு நல்லாத்தானே இருந்தாரு," என்றார்.

திங்கள் காலை எண்ணைப் போனில் சொல்லிவிட்டால் போதும். முடியாது என்றால் நாலாயிரம் அட்டை அனுப்புங்கள். வாடிக்கையாளர் பெயர், கடை, பவர் என்று கோடு போட்ட அட்டை.

என் சந்தேகத்தைப் பற்றித் துணைக்குழுவுக்கு ஒரு விளக்கம். அந்த ஈமெயில் 'அன்புள்ள தங்கையே' என்று தொடங்கியது. இருபது வருடத்தில் நீங்கள் எனக்கு அப்படி எழுதியதே இல்லை. உங்களுடையது இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை


தலைமை அலுவலகம்
பிப்ரவரி 18, செவ்வாய்

தங்கைக்கு,

நலம். போன வார உறையில் எண் மட்டும் இருந்ததே, கடிதம் இல்லையே என்று நினைத்திருப்பாய். உன் கடிதத்தின் தொனி துணைக்குழுவின் பரிசீலனையில் இருந்தது.

போனில் எண் சொல்லும் பேச்சுக்கே இடமில்லை. போனை யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம். அட்டையும் கிடையாது. உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, நீ அட்டையும் பேனாவும் கேட்கிறாய். உன் அரைப்பு இயந்திரமும் அதே ரகம். குமிழைக் கையால் திருப்பிப் பவர் வைக்கும் கிழட்டு இயந்திரம். இங்கே புதிதாக வாங்கியிருப்பது, கம்ப்யூட்டர் ஆணையிட்டால்தான் சுற்றும். மனிதக் கை படவே வேண்டாம்.

இங்கே ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள். ஆபீசில் நாற்பத்தாறு பேர். ஆளாளுக்கு எண்ணை எழுதிக்கொடுத்தால் சீட்டு எங்காவது தொலையும். அதனால் கோட்டை ஒரு யோசனை சொன்னார். திங்கள் காலை ஒன்பது மணிக்கு வரவேற்பறைப் பெண் ஒலிபெருக்கியில் எண்ணை இரண்டு முறை வாசிப்பாள். யாரும் எழுதக்கூடாது, கேட்டு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரமே கழிவறையில் இருந்த கணக்காளருக்குக்கூடத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அந்த எண் இருந்தால் உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் நம் கம்ப்யூட்டருக்குள் வரலாம். நான் வீட்டிலிருந்தே பார்க்கிறேன்.

அடுத்தது விதி ஏழு. வாடிக்கையாளர் விவரம் ஒரே இடத்தில் இருந்தால்தான் காவல் காப்பது சுலபம். ஆகவே கிளையில் எந்த விவரத்துக்கும் எந்த நகலும் இருக்கக்கூடாது. நீங்கள் வைத்திருக்கும் பேக்கப் டிஸ்க்கை வண்டியில் அனுப்பிவிடு. இங்கே பெரிய கம்ப்யூட்டரிலேயே அதைச் செருகி, யாரும் பிடுங்காதபடி மேலே அரக்கு வைக்கப்போகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
நிர்வாக இயக்குநர்


கிளை
பிப்ரவரி 20, வியாழன்

அண்ணனுக்கு வணக்கம்.

நலம். அண்ணியின் முழங்காலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதுவும் ரகசியமா?

டிஸ்க்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டு வேண்டும். அதைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்தால், கம்ப்யூட்டருக்கு வரும் நோய் டிஸ்க்குக்கும் வரும். பேக்கப் என்பது கழற்றித் தனியாக வைக்கும் பொருள். இதை நான் சொன்னதாக எழுத்தில் இருக்கட்டும்.

ஒலிபெருக்கி வரவேற்பறையிலும் கேட்குமா? அங்கே வெளியாட்கள் உட்காருவார்கள் என்பது என் நினைவு.

அட்டையைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

தங்கை


தலைமை அலுவலகம்
மார்ச் 18, செவ்வாய்

தங்கைக்கு,

எல்லோரும் நலம். உன் அண்ணியின் முழங்கால் அலுவலக விஷயம் இல்லை.

நீ குறை சொன்ன ஏற்பாட்டை விஷயம் தெரிந்தவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள். இணைய இணைப்புக் கம்பெனியிலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. சனிக்கிழமையும் நேற்றும் வரவேற்பறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். நேற்று ஒன்பது மணி அறிவிப்பைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"சார், இவ்வளவு தெளிவா நான் வேற எங்கயும் கேட்டதில்ல," என்றார்.

கோட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

இனி உன் விஷயம். கிளையின் கம்ப்யூட்டர் பதிவுகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. வாரத்தின் முதல் மூன்று நாள் ஒரு பதிவுகூட இல்லை. வேலை இல்லாத இடத்தில் ஒன்பது பேர் எதற்கு? ஜூன் வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. முடிவு எடுத்தாகிவிட்டது. ஜூன் 4, புதன்கிழமை, வழக்கமான வண்டியோடு ஒரு லாரியும் நான்கு சுமையாட்களும் வருவார்கள். அரைப்பு இயந்திரத்தை ஏற்றிவிட வேண்டும். இங்கே அதைப் பிரித்து இரும்புக்குப் போடுவோம். கிளை அதன்பின் தொடர்பு அலுவலகமாக, ஆர்டர் வாங்கி அனுப்பும் இடமாக மட்டும் இருக்கும். அதற்கு இரண்டு பேர் போதும். மற்ற ஏழு பேருக்கும் நீயே சொல்லிவிடு. உனக்கு நன்றாகப் பேச வரும்.

உன் வாசல் எத்தனை அடி அகலம்? அளந்து எழுது.

அண்ணன்
நிர்வாக இயக்குநர்


கிளை
மார்ச் 20, வியாழன்

அண்ணனுக்கு,

நலம்.

எண் இல்லாத நாளில் பதிவு எப்படி இருக்கும்? ஆளைப் பூட்டி வைத்துவிட்டு ஏன் வெளியே வரவில்லை என்று கேட்கிறீர்கள். பதிவை விடுங்கள். கிளையிலிருந்து கடைகளுக்குப் போன லென்ஸ் ஒரு ஜோடிகூடக் குறையவில்லை. வண்டி ஓட்டுநரைக் கேட்டால் தட்டு எண்ணிச் சொல்வார். எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏழு பேருக்கும் சொன்னேன். லென்ஸ் அரைக்கிறவர் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்களுக்கு ஜூன் வரைக்கும்தானாம்மா?"

"ஆமா."

"ஒங்களுக்கு?"

"நானும் இன்னொருத்தரும் போன் எடுக்கலாமாம்."

"ஒங்க அண்ணனுக்கு எத்தன பவர்?"

"கண்ணாடி போட மாட்டாரு."

"அதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த லென்ஸை எடுத்தார்.

வந்த ஆள் எந்தக் கம்பெனி, அவரை யார் கூப்பிட்டது, அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து விசாரித்தீர்களா?

வாசல் ஆறடி.

தங்கை


தலைமை அலுவலகம்
மே 6, செவ்வாய்

தங்கைக்கு,

நலம். வெயில் அதிகம். நிறையத் தண்ணீர் குடி.

இந்த வார உறையில் எண் இல்லை. கம்ப்யூட்டர்கள் வழக்கமான பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டுள்ளன. கவலைப்பட ஒன்றுமில்லை. கோட்டை இரவு பகல் பாராமல் உழைக்கிறார்.

உன் பக்கத்துக் கடைகளின் பெயர்களும் போன் நம்பர்களும் நினைவில் இருந்தால் ஒரு தாளில் எழுதி அனுப்பு. சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

அண்ணன்


கிளை
மே 8, வியாழன்

அண்ணனுக்கு வணக்கம்.

நலம். தண்ணீர் குடிக்கிறோம்.

என் மார்ச் கடிதத்துக்கு ஏப்ரல் முழுவதும் பதில் இல்லை. இப்போது தண்ணீர் குடிக்கச் சொல்லி வந்திருக்கிறது. வண்டி ஓட்டுநர் நேற்று தட்டுகளை இறக்கினார். வழக்கமாக நாற்பது தட்டு இருக்கும். நேற்று இருந்தது மூன்று.

"என்ன, வழியில சாப்பிட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அக்கா, அங்க அரைக்கிறதே இல்ல. வெள்ளிக்கெழமையிலேருந்து எல்லா ஸ்கிரீனும் செவப்பா நிக்குது. நடுவுல ஒரு பூட்டுப் படம். கீழ கடியாரம் ஓடுது. பணம் கட்டினாத்தான் தெறப்பாங்களாம்."

"பேக்கப் டிஸ்க்கு?"

"அதுலயும் பூட்டுப் படம்தான். அரக்க ஒடச்சுப் பாத்தாங்க."

"புது மெஷின்?"

"கம்ப்யூட்டர் சொன்னாத்தான சுத்தும். துணி போட்டு மூடி வச்சிருக்காங்க. ஒங்க அண்ணன் ரூம விட்டு வெளிய வரல. கோட்ட சார் மட்டும் ஒவ்வொரு கம்ப்யூட்டரா அணைச்சு அணைச்சுப் போடுறாரு."

இந்த ஆள் பொய் சொல்கிறார் என்றால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், கண்டிக்கிறேன். பராமரிப்பு நல்லபடி முடியட்டும்.

கடைகளின் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். விதி ஏழின்படி கிளையில் எந்த விவரத்தின் நகலும் இருக்கக்கூடாது. என் நினைவு அதில் அடங்குமா என்று துணைக்குழுவைக் கேட்டுச் சொல்லவும்.

தங்கை


தலைமை அலுவலகம்
மே 13, செவ்வாய்

அன்புள்ள தங்கைக்கு,

நலம்தானே? உன்னைப் பார்த்து எத்தனை நாளாகிறது. உன் அண்ணிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ அடிக்கடி கேட்பாயே, அதனால் எழுதுகிறேன். உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

பராமரிப்பு எதிர்பார்த்ததைவிடச் சற்று நீள்கிறது. நம் கடைகள் மொத்தம் அறுபத்து நான்கு. அதில் என் பக்கம் இருக்கும் முப்பத்தெட்டுக் கடைகளின் விவரமும் இப்போதைக்குக் கைக்கு எட்டவில்லை. கடைக்காரர்கள் பொறுமை இல்லாதவர்கள். பலர் உன் கிளைக்கு நேராகப் போன் செய்கிறார்கள் என்றும், நீ அவர்களுக்கு லென்ஸ் அரைத்துக் கொடுக்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சிதான்.

பிப்ரவரியில் ஏதோ அட்டை பற்றி எழுதியிருந்தாய். கோபித்துக்கொண்டு விட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் சுபாவம் அப்படி. அட்டைகள் இருந்தால் சொல். நாம் ஒரே குடும்பம்.

வியாழன் வண்டியிலேயே பதில் வேண்டும்.

உன் பாசமுள்ள
அண்ணன்


கிளை
மே 22, வியாழன்

மே 13 தேதியிட்ட கடிதத்தை எழுதியவருக்கு,

நலம். போன வியாழன் வண்டியில் பதில் அனுப்பாததற்குக் காரணம், கடிதம் யாருடையது என்று சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அது 'அன்புள்ள தங்கைக்கு' என்று தொடங்குகிறது. 'பாசமுள்ள' என்று முடிகிறது. என் அண்ணன் பெயரில் இதற்கு முன்பும் ஒருவர் இப்படி எழுதி பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறார். தலைமை அலுவலகத்தின் கண்டிப்பான பயிற்சியால் நாங்கள் இப்போது உஷாராக இருக்கிறோம்.

கடிதம் உண்மையானதாக இருக்கும் பட்சத்தில், விவரம் இது. திங்கள் முதல் புதன் வரை எண் இல்லாத நாட்களில் வந்த எல்லா ஆர்டர்களையும் அட்டையில் எழுதினோம். அட்டை நானே வாங்கியது. பிறகு எண் இருந்த நாட்களிலும் எழுதினோம், பழக்கமாகிவிட்டது. இப்போது எட்டு மரப்பெட்டி நிறைய இருக்கிறது. விதி ஏழு நகலைத்தான் தடுக்கிறது. இவை நகல் அல்ல, கடைக்காரர் சொல்லச் சொல்ல எழுதிய மூலம். உங்கள் பக்கத்துக் கடைகளில் முப்பத்தொன்று இப்போது இங்கேதான் ஆர்டர் கொடுக்கின்றன. பழைய கண்ணாடியைக் கொடுத்தனுப்பினால் அதை அளந்து அட்டை போட்டுவிடுகிறோம். கிழட்டு இயந்திரம் நாளுக்குப் பதினான்கு மணி நேரம் ஓடுகிறது. அதை ஜூன் 4 அன்று ஏற்ற லாரி வருகிறது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

அட்டைகள் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டுமென்றால், எழுதியவர் என் அண்ணன்தான் என்று நிரூபிக்க ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். மார்ச் மாதம் இரண்டு நாள் உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த ஆள் யார்?

கிளை மேலாளர்


தொடர்பு அலுவலகம்
மே 27, செவ்வாய்

தங்கைக்கு,

நலம்.

யாரென்று தெரியாது. அந்தக் கம்பெனியில் அப்படி ஓர் ஆளே இல்லையாம். அன்று கேட்ட எண்ணை வைத்து அந்த வாரமே கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, மே வரை உள்ளேயே பதுங்கி இருந்திருக்கிறான். டீ குடித்த டம்ளரை மட்டும் கோட்டை எடுத்து வைத்திருக்கிறார்.

தகவல் பாதுகாப்பை மேலும் பலப்படுத்தும் நோக்கில், தலைமை அலுவலகத்தை ஜூன் 4 முதல் உன் கட்டடத்துக்கு மாற்றுவது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். இது நீண்ட நாளாகவே என் யோசனையில் இருந்தது. இங்கே நானும் இன்னொருவரும் ஆர்டர் வாங்கி அனுப்புவோம். வேலை இல்லாத மற்றவர்களுக்கு நானே சொல்லிவிட்டேன். துணைக்குழு கலைக்கப்பட்டது.

லாரி சொன்னபடி அதே நாளில் வரும். ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை, இறக்குவதற்கு உண்டு. அரைக்கிறவர்கள் மூன்று பேர், லென்ஸ் பெட்டிகள், கோட்டை, 'தலைமை அலுவலகம்' என்ற வாசல் பலகை. கோட்டைக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அட்டை எழுத உட்காரவை.

சுமையாட்கள் நான்கு பேருக்கும் மதியச் சாப்பாடு கொடு.

அண்ணன்


தலைமை அலுவலகம்
ஜூன் 5, வியாழன்

தொடர்பு அலுவலகத்துக்கு,

இங்கே பதின்மூன்று பேரும் நலம். அண்ணியை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும்.

அனுப்பியவை நேற்று மதியம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தன. லென்ஸ் பெட்டி இருபத்திரண்டு, உடைசல் ஒன்று. அரைக்கிறவர்கள் மூன்று பேர், இன்று காலை முதல் வேலையில். அண்ணியின் தம்பிக்குக் கதவோரத்து மேஜை கொடுத்திருக்கிறோம். இன்று மதியம் வரை அறுபத்தோரு அட்டை எழுதியிருக்கிறார். ஒலிபெருக்கியை ஏன் அனுப்பினீர்கள் என்று தெரியவில்லை. திரும்பும் வண்டியில் வருகிறது.

சுமையாட்கள் சாப்பிட்டார்கள்.

வாசல் பலகை ஏழடி இருந்தது. ஓரடி அறுத்து மாட்டியிருக்கிறோம்.

தங்கை